அளவறிதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மகிழுந்தின் பொறியைப் பற்றிப் பேசுவோர் பலர். அது நிலத்தைத் தொடும் இடத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள எண்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அகலம், உயரம், வலிமை, வேகம் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லும் ஓர் ஏடு அது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் பொருத்தமானதைத் தேர்வர். தெரியாதவர் பெரியதைத் தேர்வர். சிறிய விரைவு மகிழுந்து ஒன்றுக்கு எல்லாப் பருவங்களுக்கும் ஏற்ற டயரின் அளவைத் தேரும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மழை ஓய்ந்த சாலையில் ஒரு மகிழுந்து விரைந்து செல்கிறது. திடீரெனச் சாலையின் குறுக்கே ஒரு சிறுவன் ஓடி வருகிறான். ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். அந்நொடியில் பொறியின் ஆற்றலோ, வண்டியின் அழகோ, அதற்குக் கொடுத்த விலையோ உதவிக்கு வருவதில்லை. நான்கு டயர்கள் நிலத்தைப் பற்றியிருக்கும் சிறு பரப்பே அச்சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையிலான தொலைவை முடிவு செய்கிறது. அப்பரப்பு எவ்வளவு? நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவாகவே அது இருக்கக்கூடும். இவ்வளவு சிறிய இடத்தை நம்பி ஓர் உயிர் இருக்கும்போது, டயரின் அளவைத் தேர்வது அழகுணர்ச்சிக்குரிய செயலாக மட்டும் அமைய முடியாது. அது பொறுப்புணர்ச்சிக்குரிய செயலாகும்.

வள்ளுவர் ஒரு செயலைத் தொடங்குவோன் அறியவேண்டியவற்றை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களில் வகுத்துள்ளார். மன்னனுக்குச் சொன்ன அம்மூன்றும் ஒரு சக்கரத்தைத் தேர்பவனுக்கும் பொருந்துவதை இப்பாடத்தின் போக்கில் காணலாம். எனினும் அவற்றுக்கு முன்னே அறியவேண்டியது ஒன்று உண்டு. அதுவே அளவு.

ஒரு சிறிய மகிழுந்து

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வண்டியை முன்னிறுத்திப் பேசுவது தெளிவு தரும். ஜப்பான் நாட்டின் மஸ்தா நிறுவனம் 1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என்னும் மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க மக்கள் அதனை மியாட்டா என்று அழைத்தனர். இருவர் மட்டுமே அமரத்தக்க இருக்கைகள், மடித்து வைக்கக்கூடிய கூரை, முன்பக்கம் பொறி, பின்சக்கரங்களுக்கு விசை என்பன அதன் அமைப்பு. எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. பொறியின் கொள்ளளவு 1.6 லிட்டர் மட்டுமே. பேராற்றல் இல்லாத இவ்வண்டி பெரும்புகழ் பெற்றது எதனால்? குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக இயங்குதலைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்னும் ஜப்பானியத் தொடரை அதன் வடிவமைப்பாளர்கள் தம் கொள்கையாகக் கொண்டனர். எடை குறைவு, அளவு சிறிது, அசைவு துல்லியம் என்னும் மூன்றுமே அவ்வண்டியின் சிறப்பு. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 உருவாக்கப்பட்டது.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டிகள் இன்றும் அமெரிக்கச் சாலைகளில் ஓடுகின்றன. அவை பிறந்தபோது பூட்டப்பட்ட டயரின் அளவு 185/60 ஆர்14. இன்று வரும் புதிய மகிழுந்துகள் பெரும்பாலும் பெரிய ரிம்களோடு வருவதால், 14 அங்குல ரிம்முக்குரிய டயர் வகைகள் கடைகளில் குறைந்துவிட்டன. ஆகவே பழைய வண்டியை வைத்திருப்போர், ‘இதே அளவைத் தேடிப் பூட்டுவதா, வேறு அளவுக்கு மாறுவதா?’ என்னும் வினாவை எதிர்கொள்கின்றனர். இவ்வினாவுக்கு விடை காணுமுன் அவ்வெண்களைப் படிக்கக் கற்போம்.

பக்கச்சுவர் சொல்லும் பாடம்

185/60 ஆர்14 82எச் என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. அடுத்துள்ள 60 என்பது உயரம் அன்று, விகிதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு என்பது அதன் பொருள். ‘ஆர்’ என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பைக் குறிக்கும். டயரின் உள்ளிருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, சக்கரம் சுழலும் திசைக்குக் குறுக்காகச் செல்லும் அமைப்பு இது. பிரான்சு நாட்டின் மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று, சில ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வமைப்பே இன்று மகிழுந்துகளில் நிலைபெற்றுள்ளது. 14 என்பது ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் சொல்லப்படும். மில்லிமீட்டர், விகிதம், அங்குலம் என மூவேறு கணக்குகள் ஒரே வரியில் கலந்து நிற்பதால்தான் பலரும் இதனைப் படிக்கத் தயங்குகின்றனர்.

இறுதியில் உள்ள 82 சுமைக் குறியெண். அது 82 கிலோகிராம் என்று பொருள்படாது. பட்டியலில் 82 என்னும் எண்ணுக்கு நேராக இருப்பது 475 கிலோகிராம். ‘எச்’ என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அந்த டயர் தாங்கும் என்பது அதன் கருத்து.

விட்டம் மாறாமை

டயரின் அளவை மாற்றுவோர் முதலில் காக்கவேண்டியது அதன் மொத்த விட்டம். அதனைக் கணக்கிடும் முறை எளிது. அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் ஒரு பக்கச்சுவரின் உயரம் கிடைக்கும். மேலும் கீழும் இரு சுவர்கள் இருப்பதால் அதனை இரட்டிக்க வேண்டும். அதனோடு ரிம்மின் விட்டத்தைக் கூட்டவேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகும்.

185 × 0.60 = 111 மி.மீ.
111 × 2 = 222 மி.மீ.
14 × 25.4 = 355.6 மி.மீ.
மொத்த விட்டம் = 577.6 மி.மீ.

இதே முறையில் வேறு சில அளவுகளைக் கணக்கிட்டு ஒப்பிடுவோம்.

185/60 ஆர்14: பக்கச்சுவர் 111 மி.மீ.; விட்டம் 577.6 மி.மீ.; இதுவே அடிப்படை
195/50 ஆர்15: பக்கச்சுவர் 97.5 மி.மீ.; விட்டம் 576 மி.மீ.; 0.3 விழுக்காடு குறைவு
205/50 ஆர்15: பக்கச்சுவர் 102.5 மி.மீ.; விட்டம் 586 மி.மீ.; 1.5 விழுக்காடு மிகுதி
205/40 ஆர்17: பக்கச்சுவர் 82 மி.மீ.; விட்டம் 595.8 மி.மீ.; 3.2 விழுக்காடு மிகுதி
195/60 ஆர்15: பக்கச்சுவர் 117 மி.மீ.; விட்டம் 615 மி.மீ.; 6.5 விழுக்காடு மிகுதி

விட்டம் மாறினால் என்ன நேரும்? வண்டியின் வேகமானி சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டே வேகத்தைச் சொல்கிறது. 577.6 மி.மீ. விட்டமுடைய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 551 முறை சுழலும். 615 மி.மீ. விட்டமுடையது 518 முறை சுழன்றாலே அத்தொலைவைக் கடந்துவிடும். பழைய டயரோடு சரியாகக் காட்டிய வேகமானி, இப்புதிய டயரோடு 100 என்று காட்டும்போது வண்டி 106 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் அறியாமலே வேக வரம்பைக் கடந்துவிடுவார். அதுமட்டுமன்று; பெரிய சக்கரத்தைச் சுழற்றப் பொறி மிகுதியாக உழைக்கவேண்டும். ஆற்றல் குறைந்த சிறிய வண்டியின் துள்ளல் இதனால் மங்கிப்போகும். திரும்பும்போது டயர் வண்டியின் உட்புறத்தில் உரசவும் கூடும். ஆகவே மொத்த விட்டம் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறாதிருத்தல் நலம் என்பது இத்துறையினர் வழக்கமாகக் கொள்ளும் வரம்பு.

மேலே கண்ட பட்டியலில் 195/50 ஆர்15 தரும் வேறுபாடு இரண்டு மி.மீட்டருக்கும் குறைவு. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தபோது பக்கச்சுவர் அதற்கேற்பக் குறைந்து கொடுத்தது. ஒன்று கூடும்போது மற்றொன்று குறைந்து மொத்தத்தைக் காக்கும் இவ்விணக்கமே அளவு மாற்றத்தின் உயிர்நிலை.

தெரியுமா?
ஸ்காட்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், 1887இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி அதிராமல் செல்லும்பொருட்டுக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காலம் கனியாமையால் அவருடைய கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது.

அகலம் தரும் மயக்கம்

‘அகலமான டயர் நிலத்தை மிகுதியாகத் தொடும், ஆகவே மிகுதியாகப் பற்றும்’ என்பது பலரும் நம்பும் கருத்து. இதில் பாதி உண்மையே உள்ளது. ஓர் எளிய கணக்கால் இதனை ஆராய்வோம்.

எம்எக்ஸ்-5 வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 1040 கிலோகிராம் எடை என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 260 கிலோகிராம் அமையும். அவ்வண்டிக்கு மஸ்தா நிறுவனம் சொல்லிய காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ, அதாவது 180 கிலோபாஸ்கல். சுமையை அழுத்தத்தால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். அது ஏறத்தாழ 140 சதுர செ.மீ.; ஓர் உள்ளங்கையின் அளவு. இக்கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் காண்க. சுமையும் காற்றழுத்தமும் மாறாதவரை, அகலத்தைக் கூட்டினாலும் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. 14 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமுமாக இருந்த சுவடு, 16 செ.மீ. அகலமும் 9 செ.மீட்டருக்கும் சற்றுக் குறைந்த நீளமுமாக ஆகிறது.

அகன்று குறுகிய இச்சுவடு, உலர்ந்த சாலையின் வளைவுகளில் நன்மை தருகிறது. திசைமாற்றிக்கு வண்டி விரைந்து கீழ்ப்படிகிறது. பந்தய வண்டிகள் அகன்ற டயர்களைப் பூணுவது இதனால்தான். ஆனால் சாலை எப்போதும் உலர்ந்திருப்பதில்லை. நீர் தேங்கிய சாலையில் அகன்ற டயர் தனக்கு முன்னுள்ள மிகுதியான நீரை விலக்கியாக வேண்டும். வேகம் மிகும்போது நீரை விலக்க நேரம் போதாமல், டயர் நிலத்தை விட்டு நீர்ப்படலத்தின்மேல் ஏறிவிடும். அந்நிலையில் திசைமாற்றியும் பிரேக்கும் பயனற்றுப்போகும். வெண்பனி படிந்த சாலையிலும் குறுகிய டயரே பனியைப் பிளந்து கீழே செல்லும். அகன்றது மேலேறி மிதக்க முயலும்.

வடிவமைப்பாளர்கள் இதனை நன்கு உணர்ந்தவர்கள். 1989இல் 185 மி.மீ. அகலத்தோடு தொடங்கிய எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறையில் 205 மி.மீ. அகலத்தை எட்டியது. ஆனால் 2015இல் வெளிவந்த நான்காம் தலைமுறையின் 16 அங்குல ரிம் கொண்ட வகைக்கு 195/50 ஆர்16 என்னும் குறுகிய அளவையே மஸ்தா தேர்ந்தது. எடையைக் குறைக்க முனைந்தபோது டயரின் அகலமும் குறைந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் முதல் வண்டியைவிட 10 மி.மீ. மட்டுமே கூடியிருந்தது.

காலமறிதல்

இனிப் பருவத்தைக் கருதுவோம். ரப்பரின் இயல்பு வெப்பத்தோடு மாறுவது. கோடைக்கெனச் செய்யப்பட்ட டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பொதிந்து பற்றாது. குளிர்காலத்துக்கெனச் செய்யப்பட்ட ரப்பரோ குளிரிலும் மென்மையாக இருக்கும். ஆனால் கோடையில் மிகவும் இளகி விரைவில் தேய்ந்துபோகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே எல்லாப் பருவ டயர். அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1977இல் ‘டியெம்போ’ என்னும் பெயரில் இத்தகைய ரேடியல் டயரை வெளியிட்டது. ஆண்டுக்கு இருமுறை டயர்களை மாற்றும் தொல்லை நீங்கியதால் அந்நாட்டு மக்கள் இவ்வகையைப் பெரிதும் விரும்பினர்.

ஆனால் பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றால் எல்லாப் பருவத்திலும் சிறந்தது என்று பொருளன்று. கோடையில் அது கோடை டயரைப்போல் வளைவுகளைப் பற்றாது. கடும்பனியில் குளிர்கால டயரைப்போல் நிற்காது. இரண்டிலும் ஓரளவு பணி செய்யும். விரைவு மகிழுந்தை வைத்திருப்பவர் இதனைத் தேரும்போது வண்டியின் கூர்மையில் ஒரு பகுதியை இழக்கிறார் என்பதையும், அதற்கீடாக எதிர்பாராக் குளிர்மழையில் ஓர் உறுதியைப் பெறுகிறார் என்பதையும் அறிந்தே தேர்தல் வேண்டும்.

பக்கச்சுவரில் உள்ள குறிகளும் இங்கு உதவும். ‘எம்+எஸ்’ என்பது சேற்றுக்கும் பனிக்கும் உரிய வரிப்பள்ள அமைப்பு உண்டு என்பதை மட்டுமே சொல்லும். மூன்று முகடுகளைக் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரையப்பட்டிருந்தால், வெண்பனிமீது அதன் இழுவைத்திறன் ஆய்வால் மெய்ப்பிக்கப்பட்டது என்பது பொருள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மகிழுந்துகள் குளிர்காலத்துக்குரிய டயர்களைப் பூண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கு ‘எம்+எஸ்’ என்னும் குறி மட்டும் போதாது. பெயரை நம்பாமல் குறியை நோக்குக என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

வலியறிதல்

மயிலிறகு மெல்லியதே, ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். சுமைக் குறியெண் அவ்வெச்சரிக்கையின் இன்றைய வடிவம் எனலாம். 82 என்னும் குறியெண்ணுடைய நான்கு டயர்கள் சேர்ந்து 1900 கிலோகிராம் தாங்கும். ஒரு டன்னுக்கும் குறைந்த வண்டிக்கு இது மிகை என்று தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் எப்போதும் சமமாக நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது முன்னோக்கியும், வளையும்போது வெளிப்புறமாகவும் எடை சாய்கிறது. ஒரு சக்கரமே பெருஞ்சுமையைத் தாங்கும் நொடிகள் உண்டு. அந்நொடிகளுக்காகவே இம்மிகை.

ஆகவே அளவை மாற்றும்போது சுமைக் குறியெண்ணும் வேகக் குறியீடும் முன்பு இருந்ததைவிடக் குறையாதிருத்தல் வேண்டும். பக்கச்சுவர் குறையும்போது டயரினுள் அடங்கும் காற்றும் குறைகிறது. சுமையைத் தாங்குவது ரப்பரைவிட அதனுள் அடைபட்ட காற்றே என்பதை மறத்தல் கூடாது. எந்தக் காற்றழுத்தம் உரியது என்பதை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள தாள் சொல்லும். டயரில் பொறித்துள்ள மீயுயர் அழுத்தம் அந்த டயரின் எல்லை. வண்டிக்குரிய அளவு அன்று.

தெரிந்து தெளிவோம்
டயருக்கும் வயது உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் டயர்களில் ‘டிஓடி’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் தொடரின் கடைசி நான்கு எண்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2323 என்று முடிந்தால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். அருகிவரும் அளவுடைய டயரை வாங்குவோர், நெடுநாள் கிடங்கில் கிடந்ததைப் புதியதென்று எண்ணி வாங்காதிருக்க இவ்வெண் துணைசெய்யும்.

இடனறிதல்

வலிய சக்கரங்களை உடைய பெரிய தேரும் கடலில் ஓடாது என்பது இடனறிதல் அதிகாரம் காட்டும் உண்மை. நல்ல டயரும் தனக்குரிய சாலையில் மட்டுமே நல்ல டயர். கடுங்குளிர் நாடுகளில் சாலையின் வெடிப்புகளுக்குள் புகுந்த நீர் உறைந்து விரிகிறது, பின் உருகுகிறது. மீண்டும் மீண்டும் இவ்வாறு நிகழ்வதால் வேனில் தொடங்கும்போது சாலையெங்கும் குழிகள் தோன்றுகின்றன. உயர்ந்த பக்கச்சுவர் அக்குழியின் அடியைத் தன் நெகிழ்ச்சியால் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த பக்கச்சுவர் அதனை ரிம்முக்கு அனுப்பிவிடும். 111 மி.மீ. சுவர் 82 மி.மீ. ஆகும்போது பார்வைக்கு வண்டி அழகு பெறலாம். முதல் குழியிலேயே ரிம் வளையவும் கூடும்.

ரிம்மும் டயரும் ஒன்றுக்கொன்று பொருந்துதலும் இங்கு எண்ணத்தக்கது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலத்துக்கு வரம்பு உண்டு. 195/50 ஆர்15 டயருக்கு அது 5.5 முதல் 7 அங்குலம் வரை. மேலும் பெரிய ரிம் பெரும்பாலும் எடை மிக்கது. சக்கரத்தின் எடை வில்லமைப்பால் தாங்கப்படாத எடை. அது கூடும்போது மேடுபள்ளங்களில் சக்கரம் நிலத்தோடு ஒட்டி நிற்பது கடினமாகிறது. எடைக் குறைவையே உயிராகக் கொண்ட சிறிய வண்டியில் இக்குறை உடனே வெளிப்படும்.

தேர்வு

இதுவரை அறிந்தவற்றை ஒன்றுசேர்த்து ஒரு தேர்வைச் செய்து பார்ப்போம். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையில் உள்ளது கிளீவ்லாந்து நகரம். ஏரியின்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து நகரத்திலும் அதன் கிழக்கேயும் வெண்பனியாகக் கொட்டும். கோடையோ வெப்பம் மிக்கது. அங்கு வாழும் ஒருவரிடம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஒன்று மட்டுமே உள்ளது என்று கொள்வோம். நாள்தோறும் அதில்தான் அவர் பணிக்குச் செல்லவேண்டும். கடும்பனி பெய்யும் நாள்களில் மட்டும் பேருந்தில் சென்றுவிடுவார்.

அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது 205/40 ஆர்17. கண்ணுக்கு இனியது. ஆனால் விட்டம் வரம்பைச் சற்றே தாண்டுகிறது, சுவர் தாழ்ந்தது, நீரிலும் பனியிலும் அகலம் பகையாகிறது. குழி மிகுந்த அந்நகரச் சாலைகளுக்கு இது ஒவ்வாது. இரண்டாவது 195/50 ஆர்15. விட்டம் ஏறத்தாழ மாறவில்லை. 82 என்னும் சுமைக் குறியெண்ணிலேயே கிடைக்கும். திசைமாற்றத்தில் சற்றே கூர்மையும் தரும். ஆயினும் புதிய ரிம்கள் வாங்கவேண்டும்; சுவர் 13.5 மி.மீ. தாழ்கிறது. மூன்றாவது 185/60 ஆர்14. கையில் இருக்கும் ரிம்களே போதும். குறுகிய அகலம் பனியையும் நீரையும் பிளக்கும். உயர்ந்த சுவர் குழிகளைத் தாங்கும். வண்டி எந்த அளவுக்கென்று வடிவமைக்கப்பட்டதோ அந்த அளவு இது.

எனவே அவர் நாடவேண்டியது, மலையும் பனித்துகளும் பொறித்த எல்லாப் பருவ டயர் 185/60 ஆர்14 அளவில் புதியதாகக் கிடைக்கிறதா என்பதையே. கிடைத்தால் அதுவே ஏற்றது. கிடைக்காவிடில் 195/50 ஆர்15 தயங்காமல் ஏற்கத்தக்க மாற்று. எவ்வளவைத் தேர்ந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகையைப் பூட்டுதல் வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் முன்னும் பின்னும் வெவ்வேறு பற்றுதலோடு ஓடும் வண்டி, வழுக்கும் சாலையில் சுழன்றுவிடக்கூடும். அவரே மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் ஊரில் வாழ்பவராயின் விடை மாறும். அங்கு எல்லாப் பருவ டயர் போதாது. கோடைக்கு ஒரு தொகுதியும் குளிருக்கு ஒரு தொகுதியுமாக வைத்திருத்தலே அறிவுடைமை.

வெண்பனி காணாத நம் மாநிலத்தில் இத்தேர்வு நமக்கு நேராமல் போகலாம். ஆனால் நம் வீட்டு வாயிலில் நிற்கும் இருசக்கர வண்டியின் டயரிலும் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தேய்ந்த டயரை மாற்றச் செல்லும் நாளில் ‘இதைவிடப் பெரியது போடலாமே’ என்று கடையில் ஒருவர் சொல்லக்கூடும். அப்போது குனிந்து அவ்வெண்களைப் படிப்பவர்க்கு ஏன் என்று கேட்கத் தெரியும். பெரிது, அகலம், புதிது என்னும் சொற்கள் நம்மை எளிதில் ஈர்ப்பவை. பொருத்தம் என்னும் சொல் அவ்வாறு ஈர்ப்பதில்லை. எனினும் ஈரச் சாலையில் சிறுவன் குறுக்கே ஓடிவரும் நொடியில் வண்டியைத் தடுத்து நிறுத்துவது அப்பொருத்தமே. வண்டியின் வலியும், ஓடும் காலமும், ஓடும் இடமும் அறிந்து அளவைத் தேர்வோர், தம் உயிரையும் பிறர் உயிரையும் சேர்த்தே காக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

விட்டம் – வட்டத்தின் மையம் வழியாக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை உள்ள நீளம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு என்னும் கணக்கு
சுவடு – பதிந்த தடம்
முகடு – உச்சி
மீயுயர் – எல்லாவற்றினும் மிக உயர்ந்த

இலக்கணக் குறிப்பு

எதிர்பாராக் குளிர்மழை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
வெண்பனி, பெரும்புகழ் – பண்புத்தொகைகள்
சுமையும் காற்றழுத்தமும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

உணர்ந்த = உணர் + த்(ந்) + த் + அ
உணர் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

புணர்ச்சி விதி

வெண்பனி = வெண்மை + பனி
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி வெண் + பனி = வெண்பனி

மதிப்பீடு

பலவுள் தெரிக
185/60 ஆர்14 என்னும் அளவில் 60 என்பது உணர்த்துவது
அ) பக்கச்சுவரின் உயரம் மில்லிமீட்டரில்
ஆ) பக்கச்சுவர் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்
இ) ரிம்மின் விட்டம்
ஈ) தாங்கும் வேகம்

குறுவினா
1. சுமைக் குறியெண் 82 எதனைக் குறிக்கிறது?
2. ‘எம்+எஸ்’ குறிக்கும் மலைப் பனித்துகள் குறிக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
1. டயரின் விட்டம் கூடினால் வேகமானி காட்டும் வேகம் உண்மை வேகத்தினின்று ஏன் வேறுபடுகிறது? விளக்குக.
2. ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றால் எல்லாப் பருவத்திலும் சிறந்தது என்று பொருளன்று’ – கருத்தைத் தெளிவுபடுத்துக.

நெடுவினா
வலி, காலம், இடம் ஆகிய மூன்றையும் அறிந்து தேர்தல் என்னும் கருத்து டயரின் தேர்வுக்குப் பொருந்துமாற்றைப் பாடப்பகுதியைக் கொண்டு கட்டுரைக்க.

கற்பவை கற்றபின்
1. 90/100-10 என்னும் அளவுடைய ஸ்கூட்டர் டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடுக.
2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு வண்டியின் டயரில் பொறிக்கப்பட்டுள்ளவற்றை எழுதிவந்து, ஒவ்வொன்றும் உணர்த்தும் பொருளை வகுப்பில் விளக்குக.
3. ‘பெரியதா, பொருத்தமானதா?’ என்னும் தலைப்பில் வேறொரு பொருளின் தேர்வை எடுத்துக்கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.